சனிக்கிழமை கவர் இளைக்கும்போது: வாரச் சம்பள வீட்டுக்கு ஒரு கணக்கு வழிகாட்டி

திருப்பூரில் பனியன் கம்பெனியை நம்பியிருக்கும் வீட்டில் வருமானம் குறையும்போது பெரும்பாலும் வேலை ஒரேயடியாகப் போவதில்லை. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகும். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. நிற்கும். வாரத்துக்கு ஆறு நாள் வேலை நான்கு நாளாகும். பீஸ் ரேட்டில் (ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்று) தைப்பவருக்கு வெட்டிய துணி வந்து சேராமல் மதியமே மெஷினை மூட வேண்டியிருக்கும். ரிஜிஸ்டரில் பெயர் அப்படியே இருக்கும், சனிக்கிழமை வரும் வாரச் சம்பளக் கவர் மட்டும் இளைத்துவிடும்.

இந்த ஊருக்கு இது புதிதில்லை. 2011-ல் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2016-ல் பணமதிப்பிழப்பு, 2020-ல் ஊரடங்கு, 2022-ல் நூல் விலையேற்றம். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியபோது அமெரிக்க ஆர்டரை மட்டும் நம்பியிருந்த யூனிட்டுகளில் வேலை நாட்கள் சுருங்கின. ஒவ்வொரு முறையும் ஊர் மீண்டது. இடைப்பட்ட மாதங்களில் சில குடும்பங்கள் தலைக்கு மேல் கடனோடு சொந்த ஊருக்குத் திரும்பின, சில குடும்பங்கள் சமாளித்து நின்றன.

கம்பெனி ஆபீசில் சம்பளக் கணக்குப் போடும் வேலை பார்ப்பதால், சனிக்கிழமை கவர் வாங்கியவரே செவ்வாய்க்கிழமை அட்வான்ஸ் கேட்டு வந்து நிற்பதை நிறையப் பார்க்கிறேன். அவர்கள் யாரும் ஊதாரிகள் இல்லை. பேக்கரி டீயையும் ஞாயிற்றுக்கிழமைக் கறியையும் முதலிலேயே விட்டுவிட்டவர்கள். அவர்கள் காசு போகும் இடம் வட்டி. சிக்கனம் என்றதும் நமக்கு வயிற்றைக் கட்டுவதுதான் ஞாபகம் வருகிறது. வட்டியைக் கட்டுப்படுத்தாமல் வயிற்றைக் கட்டிப் பயனில்லை. கீழே உள்ள படிகளின் வரிசையை அதை வைத்துத்தான் அமைத்திருக்கிறேன். புதிதாகக் கல்யாணமாகி, வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடும் லைன் வீட்டில் குடியேறியவர்கள், இதுவரை அப்பாவோ கணவரோ பார்த்துவந்த கணக்கை இப்போது கையில் எடுத்திருப்பவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் இரண்டு வாரம் எழுதுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இடதுபக்கம் வரவு, வலதுபக்கம் செலவு. இந்த இரண்டு வாரமும் எந்தச் செலவையும் குறைக்க முயற்சி செய்யாதீர்கள். எப்போதும் போலச் செலவழியுங்கள், எழுத மட்டும் செய்யுங்கள். முதல் நாளிலிருந்தே குறைக்கத் தொடங்கினால் உண்மையான கணக்கு தெரியாமல் போய்விடும்.

கையில் கொடுக்கும் காசு ஞாபகத்தில் நிற்கும். போனில் ஸ்கேன் செய்து அனுப்பும் இருபது, முப்பது நிற்காது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஜிபே, போன்பே வரலாற்றைத் திறந்து பார்த்து விட்டுப்போனதை எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. நோட்டை டிவி மேல் வையுங்கள், வீட்டில் எல்லோர் கண்ணிலும் படட்டும். கணவன் ஒரு கணக்கும் மனைவி ஒரு கணக்கும் வைத்திருக்கும் வீட்டில் எந்தத் திட்டமும் ஓடாது.

வட்டி, தவணை, சீட்டு, நகைக்கடன் என்று போகும் ஒவ்வொரு ரூபாயையும் சிவப்புப் பேனாவில் எழுதுங்கள். இரண்டாவது சனிக்கிழமை சிவப்பை மட்டும் தனியாகக் கூட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அது மளிகைச் செலவை நெருங்கும். அந்தத் தொகையைத்தான் நாம் முதலில் குறைக்கப் போகிறோம்.

மாதச் செலவை வாரமாக உடையுங்கள்

நமக்கு வரவு வாரக் கணக்கு. வாடகை, கரண்ட், பள்ளி, கேஸ் எல்லாம் மாதக் கணக்கு. கையில் காசிருக்கும் வாரத்தில் வீட்டுக்காரர் கேட்பதில்லை, அவர் கேட்கும் வாரத்தில் கையில் காசில்லை. கடன் வாங்க வைப்பதில் பாதி இந்தப் பொருத்தமின்மைதான்.

ஒரு உதாரணத்துக்கு, கணவர் சிங்கர் மெஷினில் தைக்கும் டைலர், மனைவி தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை, இரண்டு குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல சீசனில் இருவருக்கும் சேர்த்து வாரம் 8,500 ரூபாய் வந்தது. இப்போது 5,200. வாடகை 5,000 என்றால் வாரத்துக்கு 1,250. கரண்ட், தண்ணீருக்கு 150. கேஸ் 150. பள்ளிச் செலவு 250. மகளிர் குழுக் கடன் தவணை 600. ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 500. மொத்தம் 2,900. மிச்சம் 2,300 ரூபாயில்தான் மளிகை, காய், பால், பெட்ரோல், ரீசார்ஜ், மருந்து எல்லாம். நாளுக்கு 330 ரூபாய்கூட இல்லை.

நல்ல காலத்தில் இதே கட்டாயச் செலவு போக 5,600 மிஞ்சியது. வருமானம் குறைந்தது ஐந்தில் இரண்டு பங்கு. கையில் புழங்கும் காசோ பாதிக்கும் கீழே போய்விட்டது. வாடகையும் தவணையும் வருமானத்தோடு சேர்ந்து குறைவதில்லை என்பதால் வரும் வினை இது. "சம்பளம் கொஞ்சம்தானே குறைஞ்சிருக்கு, ஏன் இவ்வளவு இழுக்குது?" என்று வீட்டில் ஒருவரை ஒருவர் சந்தேகப்படும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பல சண்டைகள் இதில் தீரும்.

சனிக்கிழமை கவர் வந்த அன்றே அந்த 2,900-ஐ ஒதுக்கிவிட வேண்டும். பழைய முறை, அஞ்சறைப் பெட்டியிலோ டப்பாக்களிலோ பிரித்து வைப்பது. அது இன்றைக்கும் நல்ல முறைதான். சம்பளம் வங்கியில் ஏறுகிறது என்றால், ஜிபே, போன்பே எதிலும் இணைக்காத இன்னொரு கணக்கு வைத்து, வாடகைப் பங்கை உடனே அதற்கு மாற்றிவிடுங்கள். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு இதற்குத் தோதானது. ஏ.டி.எம். கார்டும் போன் வசதியும் வாங்காமல் வைத்தால், எடுக்க நேரில் போக வேண்டும், அந்தத் தொந்தரவுதான் காசைக் காக்கும்.

இன்னொன்று, வாரச் சம்பளக்காரர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு வசதி. மாதத்துக்கு நான்கு சனிக்கிழமை என்று வைத்துத் திட்டமிட்டால் வருடத்தில் நான்கு சனிக்கிழமைகள் கூடுதலாக வரும். 2026-ல் ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர் மாதங்களில் ஐந்து சனிக்கிழமை. மே 30 கவர் ஜூனில் பள்ளி திறப்பதற்குச் சரியாக வருகிறது. அக்டோபர் 31 கவர் நவம்பர் 8 தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் வருகிறது. அந்த வாரங்களில் வாடகைக்கு ஒதுக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே நான்கு வாரத்தில் சேர்ந்துவிட்டது. காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு, எதற்கு என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். பெயர் வைக்காத காசு எங்கே போனதென்றே தெரியாது.

வட்டியை வரிசைப்படுத்துங்கள்

எல்லாக் கடனையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். யாரிடம், எவ்வளவு பாக்கி, வாரம் எவ்வளவு, வட்டி என்ன. வட்டியை எல்லோரும் வேறு வேறு விதமாகச் சொல்வார்கள், நீங்கள் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்பது நம் ஊர் அளவுகோல், அதையே வைத்துக்கொள்வோம். இரண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். ஐந்து வட்டி 60 சதவீதம். வங்கி நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வட்டியைச் சுற்றியே இருக்கும். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி மீதியை ஓட்டினால் மூன்று வட்டிக்கு மேல்.

ஏமாற்றும் கணக்கு தண்டல்தான். 10,000 ரூபாய் தண்டல் என்பார்கள், 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய், நூறு நாள். "பதினைந்து சதவீதம்தானே" என்று தோன்றும். ஆனால் அந்த 8,500 நூறு நாளும் உங்களிடம் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். ஐம்பதாவது நாள் பாதிதான் உங்களிடம் இருக்கும். சராசரியாக 4,250 ரூபாயைப் பயன்படுத்தி நூறு நாளில் 1,500 வட்டி கட்டுகிறீர்கள். போட்டுப் பார்த்தால் பத்து வட்டிக்கு மேல், வருடத்துக்கு 125 சதவீதத்தைத் தாண்டும். இந்த ஒரு கணக்கைப் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டுங்கள்.

வரிசைப்படுத்தியதும் செய்ய வேண்டியது இதுதான். எல்லாக் கடனுக்கும் கட்டாயத் தவணையைக் கட்டுங்கள். கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயையும் வட்டி அதிகமான கடனில் போடுங்கள். அது முடிந்ததும் அடுத்தது. சின்னக் கடனை முதலில் முடித்தால் மனசுக்குத் தெம்பாக இருக்கும் என்பார்கள். இரண்டுக்கும் வட்டி கிட்டத்தட்ட ஒன்று என்றால் அப்படிச் செய்யலாம். தண்டலும் குழுக் கடனும் இருந்தால் தண்டல்தான் முதலில்.

கடனை அடைக்கக் கடன் வாங்கக் கூடாது என்று பொதுவாகச் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. ஒரு வட்டிக்கு நகைக்கடன் வாங்கிப் பத்து வட்டித் தண்டலை முடிப்பது நல்ல காரியம். நிபந்தனை ஒன்றே ஒன்று: புதுக்கடன் கைக்கு வந்த அன்றே பழைய கடன் முடிந்து, எழுதிக் கொடுத்த பாண்டோ புரோநோட்டோ கைக்குத் திரும்ப வேண்டும். ஒரு நாள் தள்ளினாலும் அந்தக் காசு வேறு வேலைக்குப் போய், இரண்டு கடனும் தங்கிவிடும்.

கம்பெனி அட்வான்சுக்குப் பொதுவாக வட்டி கிடையாது. மற்றக் கடனோடு ஒப்பிட்டால் இதுதான் மலிவு. அதனாலேயே அதை மளிகைக்குக் கேட்டு வீணாக்காதீர்கள். தண்டலை முடிக்க, ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக் கட்டணத்துக்கு என்று ஒரு பெரிய தேவைக்கு ஒருமுறை கேளுங்கள். வாரம் இவ்வளவு பிடித்துக்கொள்ளுங்கள் என்று நீங்களே தொகையைச் சொல்லுங்கள். அப்படித் தெளிவாகக் கேட்பவருக்குத்தான் ஆபீசிலும் தயங்காமல் கொடுப்பார்கள்.

மகளிர் குழுக் கடன் கொடுக்கும் நுண்நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் விதிகளை வகுத்தது. வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக் கூடாது. வேலை குறைந்த விஷயத்தைத் தவணை தவறும் முன்பே எழுத்தில் கொடுத்து, தவணையைச் சிறிதாக்கிக் காலத்தை நீட்டச் சொல்லிக் கேளுங்கள். தவறிய பிறகு கேட்பதற்கும் முன்பே கேட்பதற்கும் மரியாதையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

கந்து வட்டி, மீட்டர் வட்டி எல்லாம் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டப்படி குற்றம். வீட்டு வாசலில் வந்து மிரட்டினால் காவல் நிலையத்திலோ கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலோ மனு கொடுக்கலாம். தனியாகப் போகாதீர்கள், அக்கம்பக்கத்தில் அதே ஆளிடம் வாங்கியவர்கள் இருப்பார்கள், சேர்ந்து போங்கள்.

போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப்களை ஏறிட்டும் பார்க்காதீர்கள். உங்கள் போனில் உள்ள நம்பர்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, சொந்தக்காரர்களுக்கெல்லாம் அசிங்கமாகச் செய்தி அனுப்பி மிரட்டும் கும்பல்கள் அதில் இருக்கின்றன. ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். அவமானத்துக்குப் பயந்து இன்னொரு ஆப்பில் வாங்கிக் கட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். யாரும் இதற்காக உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை, இதை அழுத்திச் சொல்கிறேன்.

நகையை வைப்பதா, விற்பதா

பீரோவில் இருக்கும் நகை இந்த மாதிரி நாளுக்குத்தான். அதை வைப்பதில் வெட்கம் வேண்டாம். எங்கே வைப்பது என்பதில் மட்டும் கவனம். அடகுக் கடையில் இரண்டு, மூன்று வட்டி போகும். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அரை நாள் காத்திருக்க வேண்டும், வேலை குறைந்த வாரத்தில் அந்த அரை நாள் நம்மிடம் இருக்கிறது.

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரும் நகைக்கடனுக்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1-லிருந்து பொருந்தும். இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். கடனை முழுதும் அடைத்த பிறகு ஏழு வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு. 85 சதவீதம் தருகிறார்கள் என்பதற்காக அவ்வளவும் வாங்காதீர்கள். தேவைக்கு மட்டும் வாங்கினால்தான் பிறகு திருப்ப முடியும். எடை பார்க்கும்போது கூடவே நின்று, கல் எடை எவ்வளவு கழித்தார்கள் என்பதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

மாதா மாதம் வட்டியையாவது கட்டுங்கள். வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் மாற்றி வைக்கவே இன்னொரு கடன் தேவைப்படும்.

ஒரு வருடத்தில் எப்படியும் திருப்ப முடியாது என்று கணக்கு சொன்னால், மொத்த நகையையும் வைத்து ஏலத்தில் இழப்பதைவிட, ஒரு மோதிரத்தையோ அரைப் பவுன் தோட்டையோ விற்று வட்டி அதிகமான கடனை முடிப்பது நல்லது என்பது என் கருத்து. தங்கம் விலை ஏறிக்கிடக்கும் காலத்தில் சின்ன உருப்படிகூட ஒரு தண்டலை முடித்துவிடும். தாலிக்கொடியை வைக்கும் நிலை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

வீடும் கரண்டும்

மின்வாரியம் 2016-லிருந்து வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லாமல் தருகிறது. லைன் வீட்டில் இந்தச் சலுகை பெரும்பாலும் நம்மிடம் வந்து சேர்வதில்லை. ஒரே இணைப்பிலிருந்து சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது ரூபாய் என்று வீட்டுக்காரர் வாங்குவார். இரண்டு மாதத்துக்கு 120 யூனிட் ஓடும் வீட்டுக்குத் தனி இணைப்பு இருந்தால் பில் நூறு ரூபாயைத் தொடாது. சப் மீட்டரில் எட்டு ரூபாய் என்றால் 960. ஆகவே வீடு பார்க்கும்போது வாடகைக்கு முன்னால் "தனி மீட்டருங்களா?" என்று கேளுங்கள். தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு வாடகை மாதம் முந்நூறு ரூபாய் கூட இருந்தாலும் கைக்கணக்கில் அதுதான் லாபம்.

இருக்கும் வீட்டில் வாடகையைக் குறைத்துக் கேட்பது கஷ்டம். ஆனால் ஏற்றாமல் இருக்கச் சொல்லிக் கேட்கலாம், மாதம் ஒன்றாம் தேதி என்பதை வாரா வாரம் கொடுக்கிறேன் என்று மாற்றலாம். வேலை குறைந்த காலத்தில் ஊரில் வீடுகள் காலியாவது வீட்டுக்காரருக்கும் தெரியும். சரியாக வாடகை கொடுப்பவரை அவர் இழக்க விரும்ப மாட்டார்.

ரேஷனும் அடுப்படியும்

தேனி, திண்டுக்கல், திருவாரூர் என்று வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் பலர் ரேஷன் கார்டை ஊரிலேயே விட்டுவிட்டு இங்கே கடையில் அரிசி வாங்குகிறார்கள். தேவையில்லை. 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் எந்த ரேஷன் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். இங்கேயே தங்குவது உறுதி என்றால் முகவரி மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது, அந்தக் கடையின் ஒதுக்கீட்டில் உங்கள் பங்கும் சேரும். அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. வெளியில் பருப்பு நூறு ரூபாய்க்கு மேல். பருப்பும் எண்ணெயும் வந்த நாளில் வாங்கிவிடுங்கள், மாதக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

ரேஷன் அரிசி சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்றால் மாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புழுங்கல் அரிசி நான்கு டம்ளருக்கு உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு ஸ்பூன். அரிசியை நான்கைந்து முறை களைந்து ஊறவைத்து, உளுந்தைத் தனியாகப் பொங்க ஆட்டினால் இட்லி பூவாக வரும். நனைத்தால் மிதக்கும் மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறியாதீர்கள். அது இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசி.

கொங்குப் பக்கத்து அரிசிம்பருப்புச் சாதம் இந்தக் காலத்துக்கு ஏற்ற சாப்பாடு. அரிசி, துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், எல்லாம் ஒரே குக்கரில். சோறு, குழம்பு, பொரியல் என்று மூன்று முறை அடுப்பேற்ற வேண்டியதில்லை. கேஸ் மிச்சம், நாள் முழுக்க நின்று வந்தவருக்கு நேரமும் மிச்சம். கொள்ளும் அப்படித்தான், வேகவைத்த தண்ணீர் ரசத்துக்கு, கொள்ளு துவையலுக்கு.

காய்க்குத் தென்னம்பாளையம் உழவர் சந்தை போன்ற இடங்களில் விலைப்பலகையைப் பார்த்து வாங்குங்கள். ஞாயிறு காலை ஒருமுறை போய், வாரத்துக்கு வேண்டிய வெங்காயம், தக்காளி, கிழங்கு வாங்கிவிட்டால் போதும். கீரையும் கொத்தமல்லியும் மட்டும் அன்றன்றைக்கு.

மளிகைக் கடையில் பற்று வைப்பதை முதலில் நிறுத்துங்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பற்று நோட்டில் வாங்கும்போது நாம் விலை கேட்பதில்லை, பாதி பாக்கி வைத்திருப்பவர் வேறு கடைக்கும் போக முடியாது. பழைய பற்றை வாரம் 200 என்று தனியாக அடைத்துக்கொண்டே, புதுச் சாமானை ரொக்கத்துக்கு, சீட்டு எழுதி எடுத்துப்போய் வாங்குங்கள்.

எதைக் குறைக்கக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். பருப்பு, முட்டை, குழந்தைகளுக்குப் பால். பாக்கெட் தீனி, கூல்டிரிங்ஸ், வெளிச்சாப்பாடு குறையட்டும். கஷ்ட காலத்தில் வீட்டுப் பெண்கள் சொல்லாமல் கொள்ளாமல் தங்கள் தட்டில் குறைத்துக்கொள்கிறார்கள். காலையில் டீயோடு போய், மதியம் தயிர்ச் சோற்றில் தயிரையும் குறைத்து, ராத்திரி மிஞ்சியதைச் சாப்பிடுகிறார்கள். செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நிற்பவருக்கு ரத்தசோகை வந்தால் அந்த வாரச் சம்பளமும் போகும், ஆஸ்பத்திரிச் செலவும் வரும். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். யார் தட்டில் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

ஏற்கெனவே நமக்கு உரியவை

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடிக்கிறார்களா என்று பாருங்கள். 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவருக்கு 0.75 சதவீதம் பிடித்து, கம்பெனி 3.25 சதவீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். அதில் உங்களுக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் இலவசம். நோயில் படுத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். இந்த நோய்க்காலத் தொகைக்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது வேலை பதிவாகியிருக்க வேண்டும். வேலை நாள் குறையும் காலத்தில் இந்த எண்ணிக்கையைக் கவனித்துக்கொள்ளுங்கள், ரிஜிஸ்டரில் விட்டுப்போன நாளைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். காண்ட்ராக்டரிடம் வேலை செய்பவர்கள் இ.எஸ்.ஐ. எண்ணையே கேட்டு வாங்கியிருக்க மாட்டார்கள், இப்போது கேளுங்கள்.

பி.எஃப். பணத்தை அவசரப்பட்டு முழுதும் எடுக்க வேண்டாம். கம்பெனி மாறினால் பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்துவிடுங்கள்.

இ.எஸ்.ஐ. இல்லாத வீட்டில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பியுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். ஊரில் இருக்கும் அம்மா, அப்பாவுக்கு மாதாமாதம் மருந்துக்கடையில் போகும் காசு இதில் நிற்கும்.

வங்கிக் கணக்கு வழியாக வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடும், 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடும் மத்திய அரசின் திட்டங்களில் கிடைக்கின்றன. பைக்கில் வேலைக்குப் போகும் வீட்டில் முதலாவதை எந்தக் கஷ்டத்திலும் விடாதீர்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை. கம்பெனி அந்த டவுன் பஸ் போகும் வழியில் இருந்தால் ஒரு வண்டியின் பெட்ரோல் மிச்சம்.

போன் ரீசார்ஜ் 28 நாள் கணக்கு என்பதால் வருடத்துக்குப் பதின்மூன்று முறை போடுகிறோம். ஊரில் பட்டன் போன் வைத்திருக்கும் பெற்றோருக்கு டேட்டா இல்லாத, பேச மட்டுமான திட்டம் இப்போது இருக்கிறது, அதற்கு மாற்றுங்கள்.

மொய், சீர், பிள்ளைகள்

வீட்டுச் செலவில் ஐந்து ரூபாய் பார்த்துப் பார்த்துச் சேர்த்து, ஒரு முகூர்த்த மாதத்தில் எல்லாவற்றையும் மொய்யில் விடுவதுதான் நம் பக்கத்தில் நடக்கும். மொய்யை நிறுத்தச் சொல்லவில்லை. நமக்கு ஒன்று என்றால் வந்து நிற்பவர்கள் அந்தச் சொந்தங்கள்தான். மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். நமக்குச் செய்தவர்களுக்கு, செய்த அளவு கட்டாயம் திருப்பிச் செய்ய வேண்டும். புதிதாகத் தொடங்கும் மொய்யை இந்த வருடம் தவிர்க்கலாம், இல்லையென்றால் சின்னதாக வைக்கலாம். இரண்டு விசேஷம் ஒரே நாளில் வந்தால் ஒன்றுக்குக் கொடுத்தனுப்பலாம்.

சீர் செய்ய வேண்டிய இடத்தில் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே போய், "மாமா, கம்பெனில நாலு நாள்தான் வேலை ஓடுதுங்க. இப்ப துணிமணியோட நிறுத்திக்கிறேனுங்க, தை பொறந்து கவர் நல்லா வந்ததும் மோதிரம் போட்டுடறனுங்க" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மண்டபத்தில் வைத்துக் குறைவாகச் செய்தால்தான் வருத்தம் வரும்.

பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு நோட்டைக் காட்டினால் புரியும். புரிந்த பிள்ளை பிறந்தநாளுக்கு என்ன கேட்பது என்று தானே யோசிக்கும். தனியார் பள்ளிக் கட்டணம் இழுத்தால் நடு வருடத்தில் மாற்றாமல், கட்டணத்தைத் தவணையாக்கச் சொல்லிக் கேட்டு, ஜூனில் அரசுப் பள்ளியில் சேர்ப்பதைப் பற்றி வீட்டோடு பேசி முடிவெடுங்கள்.

வேலை திரும்பும்போது

ஆர்டர் வந்து மறுபடி ஒன்றரை ஷிப்ட் தொடங்கும் முதல் மாதம் கவனமாக இருக்க வேண்டிய மாதம். இத்தனை நாள் அடக்கிவைத்த ஆசையெல்லாம் அப்போதுதான் கிளம்பும். முதல் கவரில் குழந்தைகளுக்குப் பிடித்ததை வாங்கிக் கொடுங்கள், ஒரு நாள் கறி எடுங்கள். அடுத்த கவரிலிருந்து பழைய 5,200 ரூபாய்த் திட்டத்திலேயே குடும்பத்தை ஓட்டி, மேலே வரும் தொகையைச் சிவப்புப் பேனாக் கடனில் போடுங்கள். தீபாவளி போனஸ் சட்டப்படி வருடச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதில் துணிமணிக்கு ஒரு பங்கு போக மீதியும் அங்கேதான். தண்டல் முடிந்த வாரம் தினம் நூறு ரூபாய் மிஞ்சத் தொடங்கும். அந்த நூறு ரூபாயைப் பழகிய கை பழகியபடியே எடுத்து வைக்கட்டும். மாதம் 100 ரூபாயிலிருந்து அஞ்சலகத்தில் ஆர்.டி. (மாதா மாதம் கட்டும் சேமிப்பு) தொடங்கலாம். நான்கு வாரச் சம்பளம் அளவுக்குக் கையிருப்பு சேரும்வரை புது பைக், நகைச்சீட்டு, தீபாவளிச் சீட்டு எதிலும் பெயர் கொடுக்க வேண்டாம்.